மூலநிரல் திறந்திருக்கிறது, சரி. நம் கணினியில் ஓடுவது அதுதானா?

செங்காந்தள்

புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்களிடம் "கட்டற்ற மென்பொருளில் உளவு வேலைக்கே இடமில்லை" என்று நாம் எல்லோரும் சொல்லி வந்திருக்கிறோம். மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம் என்பதே காரணம். இனியும் அதை அப்படியே சொல்லலாமா என்று இங்கே பேசித் தீர்க்க வேண்டும்.

தயக்கத்துக்குக் காரணம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 12.10. 2012 அக்டோபரில் வந்த பதிப்பு. அதன் திரையில் இருந்த டாஷ் என்ற தேடுபெட்டியில் எதைத் தட்டினாலும், அது நம் சொந்தக் கோப்பின் பெயராகவே இருந்தாலும், அந்தச் சொல் உபுண்டுவை உருவாக்கும் கனோனிக்கல் நிறுவனத்தின் சர்வருக்குப் போனது. அங்கிருந்து அமேசான் பொருட்களின் பட்டியல் திரும்பி வந்தது. தொடக்கத்தில் பொருட்களின் படங்கள் மறையாக்கம் இல்லாத எச்டிடிபி வழியாக இறங்கின. அதனால் ஒரே வைஃபையில் இருக்கும் வேறொருவர், வந்த படங்களை வைத்தே என்ன தேடினீர்கள் என்று ஊகிக்க முடிந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை நேரடியாக உளவுமென்பொருள் என்றார், உபுண்டுவைப் பரிந்துரைப்பதை நிறுத்தச் சொன்னார். கனோனிக்கலின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த்தின் பதிலோ, உங்கள் கணினியில் ஏற்கெனவே எங்களுக்கு ரூட் (முழு நிர்வாக அதிகாரம்) இருக்கிறதே என்ற தொனியில் இருந்தது.

அந்த நிரல் முழுக்கத் திறந்த மூலநிரல். உரிமத்தில் ஒரு மீறலும் இல்லை. அப்படியிருந்தும் நடந்தது. ஆக, உரிமத்தைக் காட்டி நம்பிக்கைக்கு உத்தரவாதம் தருகிறோமே, அது தவறில்லையா?

தறிநூல்

தவறு என்று முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வழக்கில் பயனர் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். 'யூனிட்டி-லென்ஸ்-ஷாப்பிங்' என்ற ஒரே பொதியை (நிறுவும் நிரல் தொகுப்பை) நீக்கினால் அமேசான் போய்விடும். பிரைவசி செட்டிங்ஸில் இணையத் தேடலை அணைக்கும் பொத்தானும் இருந்தது. யூனிட்டி என்ற அந்தத் திரைமுகமே இல்லாத குபுண்டு, ஸுபுண்டு பக்கம் போகவும் வழி இருந்தது. எதிர்ப்பு ஓயவில்லை. 2016இல் 16.04 வந்தபோது இணையத் தேடல் இயல்பாகவே அணைக்கப்பட்டிருந்தது.

இதை, பயன்பாட்டுத் தகவலை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும் விண்டோஸ் 10 டெலிமெட்ரியோடு ஒப்பிடுங்கள். அதில் பூஜ்ஜியப் படி என்று ஒன்று உண்டு, 'செக்யூரிட்டி' என்று பெயர். அது என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்குத்தான். ஹோம், ப்ரோ வைத்திருப்பவர் ரெஜிஸ்ட்ரியில் பூஜ்ஜியம் என்று எழுதி வைத்தாலும் அடுத்த படியாகத்தான் எடுத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கியவருக்கே அணைக்கும் உரிமை இல்லை. சுதந்திரம் என்பது தப்பு நடக்காது என்ற வாக்குறுதி இல்லை. தப்பு நடந்தால் அதைப் பிடுங்கி எறியும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது என்பதுதான்.

வடலி

உபுண்டு விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லை, தறிநூல். எல்லாருக்கும் தெரியவே செய்தார்கள். அதனால் பிடுங்கி எறியவும் முடிந்தது. கண்ணுக்கு முன்னால் ஒளித்து வைத்தால் என்ன செய்வீர்கள்? எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தைப் பற்றிக் கதைப்போம்.

2024 மார்ச் 29 அன்று வெளியான செய்தி. ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், டெபியன் லினக்ஸின் இன்னும் உறுதியாகாத பதிப்பான அன்ஸ்டேபிளில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது தொலைக்கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அளவுக்கு மீறி சிபியுவைத் தின்பதைக் கண்டார். 0.299 விநாடியில் முடியவேண்டியது 0.807 விநாடி எடுத்தது. அந்த அரை விநாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதில் வெளியே வந்ததுதான் எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்த பின்வாசல் (ரகசிய நுழைவழி).

அது எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். மூலநிரலின் மாற்றங்களைப் பதியும் கிட் களஞ்சியத்தை வரிவரியாக வாசித்திருந்தாலும் முழுதும் பிடிபட்டிருக்காது. நஞ்சு இரண்டு சோதனைக் கோப்புகளுக்குள்ளே இருந்தது, அதில் ஒன்று வேண்டுமென்றே பழுதாக்கிய சுருக்கக் கோப்பு என்ற வேடத்தில். சுருக்க நிரலுக்குப் பழுதான சோதனைக் கோப்பு இருப்பது இயல்பு, யாரும் சந்தேகப்படமாட்டினம். அதைப் பிரித்தெடுத்து ஓட்டும் 'பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4' கோப்போ கிட்டில் இல்லவே இல்லை, வெளியீட்டு டார் பந்தில் (பதிப்பு வெளியாகும்போது தரும் மூலநிரல் தொகுப்பில்) மட்டும் இருந்தது. அதுவும் எல்லா இடத்திலும் விழித்துக்கொள்ளாது. 64 பிட் இன்டெல் வகைக் கணினி, லினக்ஸ், ஜிசிசி (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கம்பைலர்), டெப் அல்லது ஆர்பிஎம் பொதி கட்டும் சூழல், இவ்வளவும் பொருந்தினால்தான்.

எஸ்எஸ்எச் சேவையைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் தானாக எக்ஸ்இசட் நூலகத்தைத் தொடுவதே இல்லை. டெபியனும் ஃபெடோராவும் அதை, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு இணைக்க ஒரு ஒட்டு போட்டன. சிஸ்டம்டி நூலகம் எக்ஸ்இசட்டை இழுத்துக்கொண்டு வந்தது. அந்தச் சங்கிலியின் கடைசியில், கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஆர்எஸ்ஏ செயற்கூறையே மாற்றிவிட்டார்கள். தாக்கியவரிடம் உள்ள தனிச்சாவி இருந்தால் கடவுச்சொல் இல்லாமலே கட்டளை ஓட்டலாம்.

செய்தது ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கு மேலாக ஒழுங்காகப் பங்களித்து, பராமரிப்பாளர் உரிமை பெற்ற ஒருவர். ஆயிரம் கண் பார்க்கிறது என்கிறோம். அந்த நூலகத்தைச் சம்பளம் இல்லாமல் பராமரித்தது லாஸ்ஸே காலின் என்ற ஒரே ஆள். வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேருங்கள் என்று முன்பின் தெரியாத பெயர்கள் மடற்குழுவில் அவரை நெருக்கிக்கொண்டே இருந்தன.

கல்நார்

வடலி சொன்னதோடு, எக்ஸ்இசட்டில் வந்த ஒரு புள்ளியின் கதையையும் சேர்க்க வேண்டும். லேண்ட்லாக் என்பது ஒரு நிரலின் கையைக் கட்டிவைக்கும் லினக்ஸ் வசதி. அது கணினியில் இருக்கிறதா என்று பார்க்க, எக்ஸ்இசட்டைக் கட்ட உதவும் சிமேக் என்ற கருவியின் கோப்பில் ஒரு குட்டிச் சோதனை நிரல் உண்டு. அது கம்பைல் ஆனால் வசதி இருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. ஜியா டான் பெயரில் வந்த ஒரு மாற்றத்தில், 'இன்க்ளூட்' வரிகளுக்கும் செயற்கூறுக்கும் நடுவே ஒரு வரியில் ஒற்றை முற்றுப்புள்ளி மட்டும் இருந்தது.

அவ்வளவுதான். அந்தப் புள்ளியால் சோதனை நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. பிழைச்செய்தி வராது, ஏனென்றால் கம்பைல் ஆகாததே ஒரு விடைதான். சிமேக்கால் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் லேண்ட்லாக் சத்தமில்லாமல் அணைந்துவிட்டது. மாற்றத்தைப் பார்க்கும் திரையில், சேர்த்த வரி என்று காட்டும் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, திரையில் ஒட்டிய தூசி அளவுக்கு. ஒரு புள்ளி விடுபட்டால் 'க்' என்பது 'க' ஆகிவிடும் மொழியில் எழுதுகிறவர்கள் நாம். இந்த வலி நமக்கு நன்றாகவே புரியும்.

தறிநூல்

ஆனாலும் அந்தப் பின்வாசல் ஸ்டேபிள் (உறுதியான) பதிப்புகளுக்குள் போகும் முன்பே பிடிபட்டது. ஏன்? ஃப்ராய்ண்டால் உள்ளே இறங்கிப் பார்க்க முடிந்தது. மூடிய மென்பொருளில் அரை விநாடி தாமதத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

வடலி

அது சரியான வாதம் இல்லை. 2005இல் சோனி பிஎம்ஜி இசைத்தட்டுகளில் இருந்த ரூட்கிட்டைக் கண்டுபிடித்தவர் மார்க் ருசினோவிச். மூலநிரல் எதுவும் அவரிடம் இல்லை. '$' குறியோடு தொடங்கும் ஒரு குறிப்பிட்ட முன்னொட்டு உள்ள எந்தக் கோப்பையும் விண்டோஸின் கண்ணிலிருந்து மறைக்கும் டிரைவர் அது. மூடிய நிரலையும் தோண்டலாம், கஷ்டம்தான், ஆனால் முடியாதது இல்லை.

தறிநூல்

ஏற்றுக்கொள்கிறேன், கண்டுபிடிப்பை என் பக்கக் கணக்கில் மட்டும் எழுதியது தவறு. ஆனால் கண்டுபிடித்த பிறகு நடந்ததைப் பாருங்கள். சோனி வழக்கில் நீக்கும் நிரலையும் அந்த நிறுவனத்திடமே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வலைவழி வந்த அந்த நீக்கியே கணினியில் இன்னொரு ஓட்டையைத் திறந்துவைத்தது. எக்ஸ்இசட் வழக்கில் செய்தி வெளியான நாளிலேயே டெபியனும் ஃபெடோராவும் தங்கள் கையாலேயே பழைய பதிப்புக்குத் திரும்பின. யாருடைய தயவுக்கும் காத்திருக்கவில்லை.

செங்காந்தள்

இது நல்ல வேறுபாடு. கல்நார், மறுவுருவாக்கக் கட்டமைப்பு பற்றி அடிக்கடி எழுதுவீர்களே. அது இருந்திருந்தால் எக்ஸ்இசட் பிடிபட்டிருக்குமா?

கல்நார்

பிடிபட்டிருக்காது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் அதை எல்லா நோய்க்கும் மருந்தாக நினைக்கிறார்கள்.

மறுவுருவாக்கக் கட்டமைப்பு தரும் விடை ஒன்றே ஒன்று: இந்த மூலநிரலிலிருந்துதான் இந்தப் பைனரி (கணினியில் ஓடும் கோப்பு) வந்ததா? டோர் உலாவியும் டெபியனும் 2013 முதல் இதில் உழைத்து வருகின்றன. ஒரே மூலநிரலை வெவ்வேறு இரண்டு கணினிகளில் கட்டி, வரும் கோப்புகளின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றா என்று பார்ப்பது. கேட்க எளிது, செய்தால் ஹாஷ் ஒத்துப்போகாது. பெரும்பாலும் காரணம் சதி இல்லை, அற்ப விஷயங்கள். கட்டிய நேரம் கோப்புக்குள் பதிந்திருக்கும். கட்டிய அடைவின் முழுப்பாதை பிழைதிருத்தத் தகவலில் ஒட்டியிருக்கும். அடைவிலுள்ள கோப்புகளை வட்டு தரும் வரிசை கணினிக்குக் கணினி மாறும். மொழி அமைப்பு மாறினால் அகரவரிசை மாறும். நேரச் சிக்கலுக்காகவே 'சோர்ஸ் டேட் எபக்' என்ற சூழல் மாறி வந்தது. டெபியனில் அதன் மதிப்பு மாற்றப் பதிவேட்டின் கடைசித் தேதியிலிருந்து வரும். ஜிஸிப்புக்கு 'என்' கொடி கொடுத்தால் நேரத்தையும் பெயரையும் பதியாது. அதற்கும் மேலே வித்தியாசம் வந்தால் டிஃபோஸ்கோப்பில் இரண்டு கோப்பையும் போடுங்கள், பொதிக்குள் பொதியாகப் பிரித்து எந்த பைட் மாறியது என்று காட்டும்.

எக்ஸ்இசட்டில் கெட்டுப்போனது மூலநிரல் பந்தே. அதிலிருந்து எத்தனை முறை கட்டினாலும் ஒரே மாதிரிப் பின்வாசல்தான் வரும், ஹாஷும் அழகாக ஒத்துப்போகும். அங்கே செய்ய வேண்டியிருந்தது வேறு ஒப்பீடு: கிட் குறிச்சொல்லுக்கும் (களஞ்சியத்தில் அந்தப் பதிப்பைக் குறிப்பது) டார் பந்துக்கும் இடையே. ஆட்டோடூல்ஸ் என்ற கட்டும் கருவிகளைப் பயன்படுத்தும் திட்டங்களில் 'கான்ஃபிகர்' போன்ற தானாக உருவாகும் கோப்புகள் ஆயிரக்கணக்கான வரிகளில் பந்துக்குள் வரும், கிட்டில் இருக்காது. வித்தியாசம் இருப்பது வாடிக்கை என்பதால் யாரும் பார்க்கவில்லை. அந்தக் கோப்புகளை மறுபடி உருவாக்கும் 'ஆட்டோரீகான்ஃப்' ஓட்டியிருந்தால் தப்பியிருக்கலாமே என்று கேட்பார்கள். கெட்ட எம்4 கோப்பின் தலைப்பில் உண்மையானதைவிடப் பெரிய வரிசை எண் போட்டிருந்தார்கள், அதனால் அதுதான் புதியது என்று விட்டுவிடும். பொதி கட்டுகிறவர்களுக்குச் சொல்வது: டார் பந்தை விடுங்கள், கையொப்பமிட்ட கிட் குறிச்சொல்லிலிருந்தே எடுங்கள்.

இதற்கும் கீழே கம்பைலர் இருக்கிறது. கென் தாம்ப்சன் 1984இலேயே டூரிங் விருது உரையில் காட்டிவிட்டார்: கம்பைலரின் பைனரி கெட்டிருந்தால், சுத்தமான மூலநிரலிலிருந்து புதிய கம்பைலரைக் கட்டினாலும் அதே கேடு தொற்றிக்கொள்ளும். அதற்கும் ஆள் இருக்கிறார்கள். கயிக்ஸ் திட்டம் 2023இல் வெறும் 357 பைட் பைனரி விதையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஜிசிசி வரை கட்டிக் காட்டியது. 357 பைட்டை ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துவிடலாம்.

நுண்வலை

எல்லாம் சரி, பொதி கட்டாத சாதாரணப் பயனர் என்ன செய்வது? லினக்ஸ் நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கியதும் ஹாஷ் பார்த்தால் போதுமா?

கல்நார்

போதாது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்தின் வேர்ட்பிரஸ்ஸுக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் இறக்கச் சுட்டியைத் தங்கள் சர்வருக்குத் திருப்பினார்கள். உள்ளே பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓ. இறக்கச் சுட்டியை மாற்ற முடிந்தவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாஷை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

கையொப்பம்தான் வழி. உபுண்டுவுக்கு மூன்று கோப்பு வேண்டும்: ஐஎஸ்ஓ, 'ஷா256சம்ஸ்' பட்டியல், ஜிபிஜி என்ற கருவியால் அதற்கு இட்ட கையொப்பம். மூன்றும் ஒரே அடைவில் இருக்கட்டும். முதலில் பட்டியலின் கையொப்பத்தை ஜிபிஜியால் சரிபாருங்கள், அதன் பிறகே ஐஎஸ்ஓவின் ஹாஷைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஹாஷ் சோதனையில் 'இக்னோர்-மிஸ்ஸிங்' கொடி கொடுக்காவிட்டால், நீங்கள் இறக்காத மற்றக் கோப்புகளுக்கெல்லாம் பிழை காட்டிப் பயமுறுத்தும்.

முதல் முறை ஓட்டும்போது பொதுச்சாவி இல்லை என்று நிற்கும். சாவியை இறக்கியதும் 'குட் சிக்னேச்சர்' என்று வரும், அதற்குக் கீழேயே இந்தச் சாவி நம்பத்தக்கதா என்று தெரியாது என்ற எச்சரிக்கையும் வரும். இங்கேதான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். அந்த எச்சரிக்கை இயல்பானது. கணக்கு சரி, ஆனால் சாவி யாருடையது என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்கிறது. உடனே சாவியின் கைரேகையை, 40 எழுத்தையும், வேறொரு வழியில் கிடைத்த பிரதியோடு ஒப்பிட வேண்டும். ஏற்கெனவே ஓடும் ஒரு கணினியின் பொதியில் உள்ள சாவி, நண்பரின் கணினி, இப்படி. கடைசி 8 எழுத்தை மட்டும் பார்ப்பது வீண். அதே 8 எழுத்து வரும்படி போலிச் சாவி செய்வது சாதாரணக் கணினியிலேயே முடியும். 2016இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரிலேயே அப்படி ஒரு போலிச் சாவி சாவிச் சர்வர்களில் கிடந்தது.

விண்டோஸில் இருந்துகொண்டு பார்க்கிறவர்கள் 'செர்ட்யூட்டில்' கட்டளையின் கடைசியில் ஷா256 என்று எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் ஷா1 கணக்கிடும், 64 எழுத்துக்குப் பதில் 40 வரும், ஐஎஸ்ஓ கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்ப இறக்கிக்கொண்டிருப்பீர்கள்.

நுண்வலை

மிக்க நன்றி. நிறுவிய பிறகு எந்த நிரல் வெளியே பேசுகிறது என்று பார்க்க?

தறிநூல்

கணினியில் ஓப்பன்ஸ்னிட்ச். ஒவ்வொரு நிரலும் வெளியே இணையும்போது கேட்கும். முதல் இரண்டு நாள் கேள்வி மேல் கேள்வி வரும், சலிப்பில் எல்லாவற்றுக்கும் 'எப்போதும் அனுமதி' கொடுத்துவிடாதீர்கள். குறிப்பாகப் பைதானுக்கோ கர்லுக்கோ பாதையை வைத்து நிரந்தர அனுமதி கொடுத்தால், அவற்றைப் பயன்படுத்தும் எந்த ஸ்கிரிப்டும் அதே கதவால் போய்விடும். அத்தகைய நிரல்களுக்கு முகவரியையும் சேர்த்து விதி எழுதுங்கள்.

வீடு முழுவதற்கும் பை-ஹோல், வீட்டுக் கருவிகளின் டிஎன்எஸ் கேள்விகளை (தளப்பெயருக்கு முகவரி கேட்பவை) வடிகட்டும். ஆனால் செயலி தன் டிஎன்எஸ் கேள்வியை எச்டிடிபிஎஸ்ஸுக்குள் பொதிந்து அனுப்பினால் பை-ஹோலுக்குத் தெரியவே தெரியாது. ஆண்ட்ராய்டின் 'பிரைவேட் டிஎன்எஸ்' பொதுவாக 853ஆம் போர்ட் வழியாகப் போகும், அதை ரவுட்டரில் மூடலாம். இவை இரண்டிலும் எங்கே போகிறது என்பது தெரியும், என்ன போகிறது என்பது தெரியாது. உள்ளடக்கம் பார்க்க மிட்ம்பிராக்சி உண்டு, ஆனால் ஆண்ட்ராய்டு 7 முதல் நாம் சேர்க்கும் சான்றிதழைச் செயலிகள் இயல்பாக ஏற்பதில்லை.

வடலி

இன்டெல் சிப்புகளுக்குள் இருக்கும் மேனேஜ்மென்ட் எஞ்சினையும் சொல்லிவிடுங்கள். அதற்கு மேலே எத்தனை கட்டற்ற நிரல் ஓடினாலும், அடியில் மூடிய ஃபர்ம்வேர் (வன்பொருளோடு வரும் நிரல்) ஓடுகிறது.

கல்நார்

உண்மை. மீ-கிளீனர் என்ற கருவி கொண்டு அதன் பெரும்பகுதியை வெட்டலாம், முழுதும் அழித்தால் பல கணினிகள் 30 நிமிடத்தில் தானே அணைந்துவிடும். ஃபர்ம்வேர் இருக்கும் சிப்பைக் கிளிப் போட்டுப் படிப்பதாக இருந்தால் இரண்டு முறை படித்து இரண்டும் ஒன்றா என்று பார்த்த பிறகே எழுதுங்கள். கிளிப் சரியாக உட்காராவிட்டால் இரண்டும் வேறாக வரும். சிப்பைப் படித்து எழுதும் மலிவான சிஎச்341ஏ பலகைகள் சில, 3.3 வோல்ட் சிப்புக்கு 5 வோல்ட் தரும், மல்டிமீட்டரால் பார்த்துவிடுங்கள். புதியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கணினி செங்கல்லாகிவிடும்.

செங்காந்தள்

ஃபர்ம்வேரைவிட அவசரமான ஒன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. தமிழ் தட்டும் கீபோர்டு செயலி. வங்கிக் கடவுச்சொல் முதல் வீட்டுச் சண்டை வரை அது வழியாகத்தான் போகிறது. சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக்குழு 2024இல் 9 நிறுவனங்களின் சீன மொழிக் கீபோர்டுகளை ஆராய்ந்தது. 8 நிறுவனங்களின் செயலிகளில், தட்டும் எழுத்து சர்வருக்குப் போகும் வழியில் பிறர் படிக்கக்கூடிய ஓட்டை இருந்தது. சொல் பரிந்துரைக்காக எழுத்தை மேகத்துக்கு அனுப்பும் வடிவமைப்பே காரணம், நிறுவனம் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை.

நுண்வலை

நம் கீபோர்டு அனுப்புகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தறிநூல்

அனுப்பவே முடியாததைத் தேர்ந்தெடுங்கள். செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பக்கம், பெர்மிஷன்ஸ், மேலே மூன்று புள்ளி, 'ஆல் பெர்மிஷன்ஸ்'. அங்கே முழு இணைய அணுக்கம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த அனுமதியை ஆண்ட்ராய்டு உங்களிடம் கேட்காது, நிறுவும்போதே கொடுத்துவிடும், அதனால்தான் போய்த் தேட வேண்டியிருக்கிறது. ஹெலிபோர்டு என்ற கீபோர்டில் அந்த வரி கிடையாது, தமிழும் உண்டு. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவர்களுக்கு இண்டிக் கீபோர்டு பொருந்தும், தமிழ்99 அமைப்பும் அதில் இருக்கிறது. நிறுவியதும் அனுமதிப் பட்டியலை அதற்கும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டற்ற செயலிகளின் களஞ்சியமான எஃப்-டிராய்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலான செயலிகளை அவர்களே மூலநிரலிலிருந்து கட்டித் தங்கள் சாவியால் கையொப்பமிடுகிறார்கள். ஏற்கெனவே பிளே ஸ்டோர் பதிப்பு இருந்தால் அதன் மேல் நிறுவ முடியாது, கையொப்பம் வேறு. பழையதை நீக்க வேண்டும், நீக்கினால் சேர்த்து வைத்த சொற்பட்டியலும் போய்விடும். முதலில் அதை ஏற்றுமதி செய்யுங்கள். போனோடு வந்த கீபோர்டை உடனே அணைக்காமல், ஒரு முறை போனை அணைத்துத் திறந்து, பூட்டுத்திரையில் கடவுச்சொல் தட்டப் புதியது வருகிறதா என்று பாருங்கள். போனைத் திறக்கும் வரை சில கீபோர்டுகள் எழும்பாது. வேறு கீபோர்டும் இல்லையென்றால் வெளியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

வடலி

ஒன்று விட்டுவிட்டீர்கள். இன்றைக்கு அந்த வரி இல்லை என்பது நாளைய அப்டேட்டுக்குப் பொருந்தாது. கேட்காமலே கொடுக்கும் அனுமதி என்றால் அப்டேட்டிலும் கேட்காமலே சேரும். கீபோர்டுக்கு மட்டும் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு முறையும் கையால் அப்டேட் செய்த கையோடு அந்தப் பட்டியலை ஒருக்கால் திறந்து பாருங்கோ.